ஆழத்துப் பாறையின் பூர்விகத்தை வேதியியலால் தேடுவது எப்படி?

சேலத்தில் புவியியல் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சார்னோக்கைட் பாறையை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு வருவார். பகுப்பாய்வு எண்கள் கைக்கு வந்ததும், "இந்தப் பாறை எதிலிருந்து வந்தது அம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழியை வரிசையாக எழுதிவைக்கிறேன். வரிசை முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் வரும் எண்ணுக்குப் பொருள் இருக்காது.

சார்னோக்கைட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல். கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் கல்லும், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறையும் ஒன்றுதான் என்று அவர் கண்டார். குவாரிகளில் இதைக் கருங்கல் என்பார்கள். உடைத்த முகம் கருமையும் பச்சையும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். குவார்ட்ஸ்கூட அதில் நீலம் பாய்ந்திருக்கும். இதன் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன். நீர் வற்றிப்போன, எழுநூறு எண்ணூறு டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூழலில் நிலைப்பது அது. கண்ட மேலோட்டின் சராசரித் தடிமன் சுமார் 40 கிலோமீட்டர். நீலகிரியின் வடகிழக்கு ஓரத்துப் பாறைகளில் கார்னெட் என்ற செந்நிறக் கனிமமும் பைராக்சீனும் பதிந்துவைத்திருக்கும் அழுத்தம் 9 கிலோபார் அளவுக்குப் போகிறது. அதாவது முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். இவ்வளவு கீழே எந்தத் துளைக் கருவியும் போனதில்லை. மேலே வந்து நிற்கும் மலையைப் படித்துத்தான் கீழே உள்ளதை அறிய வேண்டும்.

எதையும் அளப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஆழத்துப் பாறைக்குள் இரண்டு கதைகள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. எதிலிருந்து எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. பிறந்த பிறகு வெந்து, நீரையும் உருகலையும் இழந்து என்ன ஆனது என்பது மற்றொன்று. சில தனிமங்கள் முதல் கதையை மட்டும் சொல்லும், சில இரண்டாவதை மட்டும். பயணத்தைச் சொல்லும் தனிமத்திடம் போய்ப் பிறப்பைக் கேட்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பாதி.

கல்லை எடுப்பது

ஓடும் குவாரிக்குப் போங்கள். மலைச்சரிவில் கிடக்கும் உருண்டைக் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வெயிலும் மழையும் பட்ட முகத்தில் பச்சை போய்ப் பழுப்பு ஏறியிருக்கும். பழுப்பு ஏறிய இடத்தில் கால்சியமும் சோடியமும் கரைந்து போகத் தொடங்கிவிட்டன என்று பொருள். குவாரியில் புதிதாக உடைத்த முகத்திலிருந்து, சம்மட்டி வைத்திருப்பவரிடம் கேட்டு, பாறையின் உட்பகுதியை எடுங்கள். எது வெடிப்புக்கு அருகே இருந்த கல், எது உள்ளே இருந்த கல் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

எவ்வளவு எடுப்பது என்பதை மணிகளின் பருமன் தீர்மானிக்கும். சீனி அளவு மணிகள் உள்ள பாறைக்கு இரண்டு கிலோ போதும். பெல்ஸ்பார் படிகம் விரல்நுனி அளவுக்கு இருந்தால் ஐந்து கிலோவுக்கும் மேல் தேவை. குறைந்தால் பாறையை அளக்கமாட்டீர்கள், தற்செயலாகச் சிக்கிய ஒரு படிகத்தை அளப்பீர்கள். வெளிறிய இளஞ்சிவப்பு நரம்புகள் ஓடினால் அவற்றை ஒதுக்கித் தனிப் பையில் போடுங்கள். அவை பின்னால் நுழைந்த கிரானைட் உருகலாக இருக்கலாம், அல்லது இந்தப் பாறையே வியர்த்து வெளியேற்றிய உருகலாக இருக்கலாம். இரண்டாவது என்றால், அதைத் தாய்ப்பாறையோடு சேர்த்து அரைப்பது கதையின் முடிவைக் கொண்டுபோய்த் தொடக்கத்தில் ஒட்டுவதாகும்.

அரைப்பதற்கு முன் ஒரு துண்டை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மென்சீவல் செய்து நுண்ணோக்கியில் பாருங்கள். இதைத் தவிர்க்கும் மாணவருக்கு நான் ஆய்வகப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்புக்கும் பச்சைக்கும் மாறி மாறித் தெரிகிறதா? அதன் ஓரத்தில் நீர் கொண்ட கனிமங்களான பயோடைட்டும் ஆம்பிபோலும் வளர்ந்து தின்றிருக்கின்றனவா? தின்றிருந்தால், பாறை மேலே வரும் வழியில் மறுபடியும் நீர் குடித்திருக்கிறது. கார்னெட் இருக்கிறதா, எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியின் பதில் கீழே அருமண் தனிமங்களை, அதாவது லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான குடும்பத்தை, படிக்கும்போது தேவைப்படும்.

பொடியும் எண்களும்

அரைக்கும் கிண்ணம் எதனால் ஆனது என்று ஆய்வகத்தில் கேட்டு எழுதிவையுங்கள். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் பொடியில் சேர்க்கும், டாண்டலத்தையும் கொஞ்சம் சேர்க்கும். எஃகுக் கிண்ணம் இரும்பையும் குரோமியத்தையும் சேர்க்கும். நியோபியம்–டாண்டலம் விகிதத்தை நம்பி ஒரு பத்தி எழுதப்போகிறீர்கள் என்றால் அகேட் கிண்ணம் கேளுங்கள்.

முதன்மை ஆக்சைடுகளுக்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை, சுவடுத் தனிமங்களுக்கு ஐசிபி நிறைமாலைமானி. இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. திறந்த கலத்தில் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஊற்றிக் கரைத்தால் சிர்கான் என்ற கனிமம் கரையாமல் அடியில் தங்கிவிடும். சிர்கோனியமும் ஹாஃப்னியமும் கனமான அருமண் தனிமங்களும் குறைவாகக் காட்டும். பார்ப்பதற்கு அது கார்னெட்டின் கைவரிசை போலவே இருக்கும். தப்பிக்க எளிய வழி, ஒரே பொடியில் சிர்கோனியத்தை இரண்டு முறைகளாலும் அளந்து ஒப்பிடுவது. ஒத்துவரவில்லை என்றால் லித்தியம் போரேட்டோடு உருக்கிக் கரைக்கச் சொல்லுங்கள்.

எண்கள் வந்ததும் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 98.5க்குக் கீழே போனாலும் 101க்கு மேலே போனாலும் திருப்பி அனுப்புங்கள். எரிப்பிழப்பு, அதாவது பொடியைச் சூடாக்கும்போது குறையும் எடை, எதிர்க்குறியில் வந்தால் பதற வேண்டாம். சார்னோக்கைட்டில் நீர் மிகக் குறைவு, சூடாக்கும்போது இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடும். நேர்மாறாக, எரிப்பிழப்பு இரண்டு மூன்று சதவீதம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும், பாறை சிதையத் தொடங்கியிருக்கிறது. அளவுகள் முன்பே உறுதியான, பிஎச்விஓ-2 போன்ற தரக்கல் ஒன்றை உங்கள் மாதிரிகளோடு சேர்த்து ஓட்டச் சொல்லி, அதன் எண்களையும் கேட்டு வாங்குங்கள். தரக்கல்லின் எண் இல்லாத அட்டவணையை நான் படிப்பதில்லை.

முதலில் பயணத்தைப் படியுங்கள்

பிறப்பைத் தேடுபவர் ஏன் பயணத்தில் தொடங்க வேண்டும்? எவை ஓடிப்போயின என்று தெரிந்தால்தான் மிச்சமுள்ளவற்றில் எதை நம்பலாம் என்று தெரியும்.

ஓடும் தனிமங்கள்: சீசியம், ரூபிடியம், யுரேனியம், தோரியம், ஓரளவு பொட்டாசியம். மேலோட்டின் மேற்பகுதியில் ரூபிடியம் சராசரியாக 84 பிபிஎம் (பத்து லட்சத்தில் 84 பங்கு) என்றும் அடிப்பகுதியில் 11 என்றும் ருட்னிக்கும் காவோவும் 2003இல் தொகுத்த மதிப்பீடு சொல்கிறது. யுரேனியம் மேலே 2.7, கீழே 0.2. தோரியம் மேலே 10.5, கீழே 1.2. பொட்டாசியத்தை ரூபிடியத்தால் வகுத்துப் பாருங்கள். சாதாரண மேலோட்டுப் பாறைகளில் 250ஐ ஒட்டி வரும். இப்படித் தனிமங்களை இழந்து வெறுமைப்பட்ட கிரானுலைட்டுகளில், அதாவது சார்னோக்கைட் போல ஆழத்தில் வெந்த பாறைகளில், 500, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். பயோடைட் உடைந்து ஹைப்பர்ஸ்தீனாகும்போது அதில் குடியிருந்த ரூபிடியத்துக்கு இடமில்லாமல் போகிறது. நீரோடோ உருகலோடோ அது மேலே ஏறிவிடுகிறது.

வெப்பத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. யுரேனிய பிபிஎம்மை 9.52ஆலும் தோரிய பிபிஎம்மை 2.56ஆலும் பொட்டாசியச் சதவீதத்தை 3.48ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை அடர்த்தியால் பெருக்கி, லட்சத்தால் வகுங்கள். அடர்த்தி கன மீட்டருக்குக் கிலோவில் இருக்க வேண்டும். விடை, ஒரு கன மீட்டர் பாறை தன் கதிரியக்கத்தால் உண்டாக்கும் வெப்பம், மைக்ரோவாட்டில். மேற்பகுதியின் சராசரியைப் போட்டால் 1.6 வரும், அடிப்பகுதிக்கு 0.2. கீழே உள்ள பாறையும் மேலே உள்ளதைப் போலவே வெப்பம் உண்டாக்கியிருந்தால், நாற்பது கிலோமீட்டர் மேலோட்டின் அடி இத்தனை கோடி ஆண்டுகள் உறுதியாக நின்றிருக்காது. தன் வெப்பத்தை மேலே அனுப்பிவிட்டதால்தான் இந்தத் தரை நமக்கு நிலைத்தது.

ஆனால் எல்லா சார்னோக்கைட்டும் வெறுமைப்பட்டது என்று எழுதிவிடாதீர்கள். சேர்வராயன் மலைப் பக்கத்துப் பாறைகள் வெறுமைப்பட்டவை. பாறைகள் உரசி நகர்ந்த பாலக்காடு–காவேரி வெட்டு மண்டலத்தைத் தாண்டி மதுரைப் பக்கம் போனால் பொட்டாசியமும் தோரியமும் நிறைந்த சார்னோக்கைட் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரே பெயர், ஒரே பச்சை மினுக்கம், வேறு வேறு பூர்விகம். அங்கே 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய உருமாற்றம் நடந்தது. சேலத்துப் பாறைகளின் உருமாற்றமோ ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை.

இனிப் பிறப்பு

ஓடாத தனிமங்களைப் பிடியுங்கள்: அருமண் தனிமங்கள், இட்ரியம், சிர்கோனியம், நியோபியம், டைட்டானியம். பாறை பெருமளவு உருகி உருகல் வெளியேறியிருந்தால் இவையும் மாறும் என்பதை மறக்காமல், நரம்புகளைப் பற்றிக் களக்குறிப்பில் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு முறை விளங்க ஒரு மாதிரி அட்டவணையை வைத்துக்கொள்வோம். இவை பாடத்துக்காக நான் அமைத்த எண்கள். லாந்தனம் 30 பிபிஎம், நியோடிமியம் 24, சமாரியம் 4, யூரோப்பியம் 1.15, கடோலினியம் 2.8, இட்டெர்பியம் 0.6, ஸ்ட்ரான்சியம் 450, இட்ரியம் 8, ரூபிடியம் 8, பொட்டாசியம் ஆக்சைடு 1 சதவீதம்.

ஒவ்வோர் அருமண் தனிமத்தையும் காண்ட்ரைட் விண்கல்லின் அளவால் வகுக்க வேண்டும். லாந்தனத்துக்கு 0.237, இட்டெர்பியத்துக்கு 0.17. நமக்கு 127ம் 3.5ம் வருகின்றன. இரண்டின் விகிதம் 36. இலேசானவை நிறைந்து, கனமானவை வற்றியிருக்கின்றன. கனமானவற்றைப் பிடித்துவைக்கும் கனிமம் கார்னெட். உங்கள் மென்சீவலில் கார்னெட் இல்லை, ஆனாலும் கனமானவை குறைவு என்றால், அந்தக் கார்னெட் இந்தப் பாறையில் இருந்ததில்லை. இதற்கு உருகலைக் கொடுத்துவிட்டுக் கீழே தங்கிய மிச்சத்தில் இருந்தது. பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறை, கார்னெட் நிலைக்கும் ஆழத்தில் உருகிப் பிறந்த உருகல் என்பது அதிலிருந்து வரும் முடிவு.

அடுத்து யூரோப்பியம். இதைப் பிளாஜியோகிளேஸ் என்ற பெல்ஸ்பார் வகை விரும்பி ஏற்கும். சமாரியத்தை 0.153ஆலும் கடோலினியத்தை 0.2055ஆலும் வகுத்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 18.9. யூரோப்பியத்தை 0.058ஆல் வகுத்தால் 19.8. விகிதம் 1.05. ஒன்றுக்குக் கீழே தெளிவாக இறங்கினால்தான் பள்ளம், இங்கே அது இல்லை. அப்படியானால் பிறந்த இடத்தில் பிளாஜியோகிளேஸ் மிச்சமாக நிற்கவில்லை. ஸ்ட்ரான்சியத்தை இட்ரியத்தால் வகுத்தால் 56. இதுவும் அதே சாட்சி, பிளாஜியோகிளேஸ் இல்லை, கார்னெட் உண்டு. மூன்று விரல்களும் ஒரே பக்கம் காட்டுகின்றன: ஆர்க்கியன் காலத்து (250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட) டோனலைட் குடும்பம், கிரானைட்டைப் போன்ற ஆனால் பொட்டாசியம் குறைந்த பாறைகள். இப்போது பொட்டாசியம்–ரூபிடியம் விகிதத்தைப் பாருங்கள், 8,300ஐ 8ஆல் வகுக்க ஆயிரத்துச் சொச்சம். டோனலைட்டாகப் பிறந்தது, பிறகு வெந்து ரூபிடியத்தை இழந்தது. இரண்டு கதைகளும் பிரிந்துவிட்டன.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி நோக்கித் தெற்கே வரும் பாதையில் சாம்பல் நிற நைஸ் என்ற பட்டை பட்டையான உருமாற்றப் பாறை படிப்படியாகச் சார்னோக்கைட்டாக மாறுகிறது. 1982இல் காண்டியும் உடன் ஆய்ந்தவர்களும் இந்தப் பகுதியை அளந்தபோது, டோனலைட் நைஸும் டோனலைட் சார்னோக்கைட்டும் அருமண் வடிவத்தில் ஒத்திருந்தன, ரூபிடியமும் தோரியமும் யுரேனியமும் சார்னோக்கைட்டில் குறைந்திருந்தன. நம் மாணவர்கள் பஸ்ஸில் போய்வரும் சாலையில் உலகத் தரமான பாடம் திறந்து கிடக்கிறது.

மற்றப் பிறப்புகளுக்கும் அடையாளம் உண்டு. யூரோப்பியம் பள்ளத்துக்குப் பதில் மேடாக இருந்து, ஸ்ட்ரான்சியமும் அலுமினாவும் உயர்ந்திருந்தால், உருகலிலிருந்து படிகங்கள் அடுக்கடுக்காகத் தங்கிச் சேர்ந்த பாறையாக இருக்கலாம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட், பிளாஜியோகிளேஸ் மிகுந்த அப்படிப்பட்ட அடுக்குப் பாறை. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு அதற்கு இருக்கும் ஒற்றுமையால் இஸ்ரோ அதை அரைத்து நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பயன்படுத்தியது. அலுமினா மிகுந்து, கிராஃபைட்டும் சில்லிமனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து வந்தால் அது ஒரு காலத்தில் கடலடிச் சேறு. தென் கேரளத்துக் காண்டலைட்டுகள் இந்த வகை. மேற்பரப்பில் படிந்த களிமண் மேலோட்டின் அடிவரை இறங்கி வெந்து திரும்பியிருக்கிறது. நியோபியம், டாண்டலம், டைட்டானியம் மூன்றிலும் பள்ளம் இருந்தால் கடல்தட்டு அமிழும் மண்டலத்து உருகல் என்று உடனே எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் அதைத் தனிச் சாட்சியாக ஏற்பதில்லை. பழைய மேலோடு மறுபடி உருகினாலும் தாயிடமிருந்து அதே பள்ளம் இறங்கி வரும்.

காலம்

பாறையின் பொருள் எப்போது கவசத்திலிருந்து (மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கிலிருந்து) பிரிந்தது என்று சொல்ல ஐசோடோப்பு வேண்டும். சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது, அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டுகள். இரண்டுமே அருமண் தனிமங்கள் என்பதால் உருமாற்றத்தில் எளிதில் பிரிவதில்லை. நம் மாதிரியில் சமாரியம்-147க்கும் நியோடிமியம்-144க்கும் உள்ள விகிதம் 0.1008. நியோடிமியம்-143க்கும் 144க்கும் உள்ள விகிதம் 0.51110 என்று வைத்துக்கொண்டால், மேலோட்டுக்கு உருகலைக் கொடுத்து வெறுமைப்பட்ட கவசத்திலிருந்து பிரிந்த காலம் சுமார் 275 கோடி ஆண்டுகள் என வரும். முதல் விகிதம் 0.14க்கு மேல் போனால் இந்தக் கணக்கைக் கைவிடுங்கள். கவசத்தின் கோடும் பாறையின் கோடும் ஏறக்குறைய இணையாக ஓடும், எங்கே வெட்டுகின்றன என்று சொல்ல முடியாது.

இந்த வயது பாறையின் வயது அல்ல. அதற்குச் சிர்கான் வேண்டும். கனத் திரவத்திலும் காந்தப் பிரிப்பியிலும் மணிகளைப் பிரித்து, ரெசினில் பதித்து, பாதி தேய்த்து, கேத்தோடு ஒளிர்வில் படம் எடுங்கள். நடுவில் மெல்லிய வரிகள் ஓடும் உட்கரு, சுற்றிலும் வரியற்ற வெளிர் ஓரம். உட்கரு உருகல் குளிர்ந்த காலம், ஓரம் உருமாற்றக் காலம். லேசர் புள்ளி இரண்டின் எல்லையில் விழுந்தால் எதற்கும் சொந்தமில்லாத வயது ஒன்று வரும், அதை அட்டவணையிலிருந்து நீக்குங்கள். படம் எடுக்காமல் வயது எடுக்கவே கூடாது. உட்கரு 253 கோடி என்று சொன்னால், நம் மாதிரியின் அன்றைய எப்சிலான் நியோடிமியம் ஏறக்குறைய +1.2. நியோடிமியம் விகிதம் அன்றைய காண்ட்ரைட் விகிதத்திலிருந்து பத்தாயிரத்துக்கு எவ்வளவு விலகியது என்பதே அந்த எண். கவசத்திலிருந்து பிரிந்து நெடுங்காலம் ஆகாத பொருளே உருகியிருக்கிறது, கொஞ்சம் பழையதும் கலந்திருக்கலாம். அதே சிர்கானில் ஆக்சிஜன் ஐசோடோப்பும் அளக்க முடிந்தால் விடாதீர்கள். கவசத்து உருகலின் சிர்கானில் கனமான ஆக்சிஜன்-18இன் விகிதம், தரமாக வைத்த கடல்நீரைவிட ஆயிரத்துக்கு 5.3ஐ ஒட்டிக் கூடுதலாக இருக்கும். தெளிவாக உயர்ந்திருந்தால், மேற்பரப்பின் நீரைத் தொட்ட பொருள் தாய்ப்பாறையில் இருந்தது என்று பொருள்.

இணை மாதிரி

இவ்வளவுக்கும் பணம் வேண்டும், நம் கல்லூரிகளில் அது குறைவு. இருபது இடங்களில் இருபது கல் எடுப்பதைவிட ஐந்து இடங்களில் இணை இணையாக எடுங்கள் என்பேன். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நைஸுக்குள் கரும்பச்சைச் சார்னோக்கைட் திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பதை 1960இல் பிச்சமுத்து எழுதினார், ஆக்கத்தில் இருக்கும் சார்னோக்கைட் என்று. கேரளத்தின் பொன்முடியிலும் இப்படித் திட்டுகள் உண்டு. திட்டிலிருந்து ஒரு கல், கையகலத் தூரத்தில் நைஸிலிருந்து ஒரு கல். பிறப்பு ஒன்றே என்பதால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அத்தனையும் பயணம். கப்பல்துர்காவில் 1987இல் வெளிவந்த விரிவான ஆய்வு, திட்டுக்குள் பொட்டாசியம் வந்து சேர்ந்திருந்ததைக் காட்டியது. சேர்வராயனில் போனது அங்கே வந்திருக்கிறது. ஓரிடத்தின் பாடத்தை வேறோரிடத்தில் ஒப்பிக்காமல் இருக்க இணை மாதிரியைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

குவாரி வேகமாக வெட்டப்படுகிறது. இன்று இருக்கும் திட்டு அடுத்த ஆண்டு லாரியில் ஜல்லியாகப் போயிருக்கும். ஆகவே ஜிபிஎஸ் புள்ளி, எந்த முகம், எந்தத் திசை, அளவுகோல் வைத்த படம் எல்லாவற்றையும் அன்றே எழுதிவிடுங்கள். அரைத்து மிஞ்சிய பொடியையும் அரைக்காத அரைக் கல்லையும் எண் எழுதித் துறையில் ஒப்படையுங்கள், உங்களுக்குப் பின் வருபவர் உங்கள் எண்களைச் சந்தேகித்துத் திரும்ப அளக்க அது தேவைப்படும்.